அங்கம்மாவின் ஐந்தாவது இலக்கம்

எங்கள் லயத்தில் எட்டுக் காம்பரா, குடும்பத்துக்கு ஓர் அறை. ஏழாவதில் நாங்கள், எட்டாவதில் அங்கம்மா. நடுவில் பலகைச் சுவர். பலகையில் ஒரு கணு கழன்று விழுந்து, கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்தது. துணி வைத்து அடைத்திருக்கலாம். நான் அடைக்கவில்லை. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் எப்படி நிம்மதியாகச் சோறு தின்பது?

நான் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து சேரங்கோட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு வாழ வந்தவள். என் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் பாய்லர் பார்த்தார். நான் பிள்ளை மடுவத்தில் ஆயா. கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் காலையில் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பால் காய்ச்சிக் கொடுத்து, தொட்டில் ஆட்டி, சாயங்காலம் எண்ணித் திருப்பிக் கொடுப்பேன். எழுத்து எனக்குத் தெரியாது. எண்ணத் தெரியும். நாற்பது பிள்ளை வந்தால் நாற்பது பிள்ளை போக வேண்டும் அல்லவா?

அங்கம்மா வந்தது எமர்ஜென்சி போட்ட மறுவருஷம், வைகாசியில். சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர்களுக்குத் தோட்டத்தில் வேலையும் காம்பராவும் கொடுத்துக்கொண்டிருந்த சமயம். மற்றவர்கள் வந்த அன்றே வாசலில் உட்கார்ந்து, அங்கே எந்தத் தோட்டம், எந்தத் துரை, யாருக்கு யார் உறவு என்று பேசித் தீர்த்துவிடுவார்கள். இவள் பேசவில்லை. நெட்டையான பெண், முப்பது வயதிருக்கும். ஒரு கையில் தகரப் பெட்டி. மறு கையில் மாமியார்க் கிழவி இசக்கியம்மா. கிழவிக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. புருஷன் சுடலைமுத்து கப்பலை விட்டு இறங்கிய முகாமிலேயே காய்ச்சலில் செத்துப் போனானாம். அவ்வளவுதான் சொன்னாள்.

“சிலோன்ல எந்த ஊரு உங்குளுக்கு?” என்று கேட்டேன்.

“மேல.”

“மேலன்னா?”

“மலையில அக்கா. இங்க மாதிரித்தான்.”

இது ஒரு பதிலா? அன்றைக்கே எனக்கு ஒட்டவில்லை.

பிறகுதான் அந்தக் கொட்டை விவகாரம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலைக்கு ஊற்றிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, தரையைத் துடைத்து அதில் தேயிலைக் கொட்டைகளைக் குவியல் குவியலாக வைப்பாள். வரிசையாக ஏழு குவியல். சிலது சின்னது, சிலது பெரிது. உதடு அசையும், சத்தம் வராது. அப்புறம் ஒரு குவியலை இடது பக்கம் தள்ளுவாள், அடுத்ததை வலது பக்கம், அடுத்ததை இடது பக்கம். கடைசியில் இரண்டே குவியல். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் பக்கத்துக்கு ஒரு கொட்டை எடுத்துத் தகர டப்பாவில் போடுவாள். டக், டக். டக், டக். இரண்டு பக்கமும் ஒன்றாகத் தீரும். தீர்ந்ததும் ஒரு பெருமூச்சு. அடுத்த ஞாயிறும் அதே போல.

ஒருநாள் வலது பக்கம் ஒரு கொட்டை மிஞ்சிவிட்டது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிணக்களை. கிழவியை எழுப்பி, பாயை உதறி, முந்தானையை உதறி, கடைசியில் தன் முழங்காலுக்கு அடியிலிருந்து ஒரு கொட்டையைக் கண்டெடுத்தாள். அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

செய்வினை பிசகினால் வைத்தவளையே திருப்பி அடிக்கும் என்பார்கள். அதற்குத்தான் பயப்படுகிறாள் என்று நான் முடிவு கட்டினேன். அந்த வாரம் என் அடைக்கோழி வேறு செத்துப்போயிருந்தது. நேராக ஆபீஸுக்குப் போய் கிளார்க் ஆறுமுகசாமியிடம் சொன்னேன். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான், அன்னூர்.

“ஏனுங்க, எட்டாங் காம்பரா சிலோன்காரி செய்வினை வெக்கறாளுங்க. கொட்டை வெச்சு மந்திரம் போடறா.”

“கொட்டை எண்ணறது குத்தமுங்களா அம்மா?”

“என்ற கோழி செத்துப்போச்சுங்க.”

“கோழிக்குச் சீக்கு வந்திருக்கும், போங்க.”

சிரித்து அனுப்பிவிட்டார். ஆனால் நான் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டார் என்பது பிறகு தெரிந்தது.

ஆனி மாதம் மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. பிடித்தால் நாற்பது நாள் வானம் தெரியாது. எட்டாம் காம்பராவில் ஓடு ஒழுகி, தகரப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. பெட்டிக்குள்தான் அவர்கள் குடும்ப அட்டை இருந்தது. முகாமில் கொடுத்தது. அதில் ஒட்டியிருந்த படம் கஞ்சியாகக் கரைந்து போயிற்று. நம்பரில் ஓர் இலக்கம் நீலக் கறையாகிவிட்டது. ஏழு இலக்கத்தில் ஐந்தாவது.

சரியாக அந்த நேரத்தில் ஆபீஸில் உத்தரவு வந்தது. சிலோன்காரர்கள் ஒவ்வொருவரும் அட்டையைக் காட்ட வேண்டும். அட்டை நம்பர் முகாம் லிஸ்டில் இருந்தால் நிரந்தர வேலை, காம்பரா அவர்களுக்கு. இல்லாவிட்டால் பத்து நாளில் காலி செய்ய வேண்டும். கிழவியைக் கூட்டிக்கொண்டு அந்த மழையில் அங்கம்மா எங்கே போவாள்? அது அவள் கவலை. அப்போது எனக்கு அது கவலையாகப் படவில்லை. நான் பிள்ளைகளுக்குப் பால்பவுடர் டின் வாங்க ஆபீஸில் நின்றிருந்தேன். வாங்கியும் போகாமல் நின்றேன்.

ஆறுமுகசாமி அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். “மூணு, ஏழு, ரெண்டு, ஆறு... இதேனுங்க இப்பிடி ஆயிப்போச்சு? அப்பறம் அஞ்சு, நாலு. நடுவுல என்னங்க?”

“ஒம்பது ஐயா.”

அவர் லிஸ்டைப் புரட்டினார். புரட்டியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார்.

“நடுவுல ஒம்பது போட்டா ஒரு சுடலைமுத்து இருக்கறாரு. சைபர் போட்டாலும் ஒரு சுடலைமுத்து இருக்கறாரு. சைபர்க்காரருக்கு நடுவட்டம் தோட்டத்துல வேலை குடுத்து ஒரு வருசம் ஆச்சு. அங்க ஒண்ணு வாங்கிட்டு, இங்க ஒண்ணுக்கு வந்திருக்கறீங்களா?”

“இல்லைங்க ஐயா. சத்தியமா ஒம்பது.”

“கறையில அது எங்கீங்க தெரியுது?”

அங்கம்மா, வந்த நாளிலிருந்து நான் கேட்காத அளவுக்குப் பேசினாள்.

“கூட்டிப் பாருங்க ஐயா. என் நம்பர் ஒம்பதுக்கு மிச்சமில்லாம அடங்கும்.”

ஆறுமுகசாமிக்குக் கணக்கென்றால் கொஞ்சம் பைத்தியம். பஸ் டிக்கெட் நம்பரைக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைப்பார். எட்டு வந்தால் கிழித்துப் போட்டுவிட்டுக் கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். உடனே பென்சிலை எடுத்தார். “மூணு, ஏழு பத்து, ரெண்டு பன்னெண்டு, ஆறு பதினெட்டு, ஒம்பது இருபத்தேழு, அஞ்சு முப்பத்திரண்டு, நாலு முப்பத்தாறு. மூணும் ஆறும் ஒம்பது. ஆமா, அடங்குது.” சிரித்தார். “ஆனா அம்மிணி, சைபர் போட்டுப் பாருங்க. இருபத்தேழு. ரெண்டும் ஏழும் ஒம்பது. அதுவும் அடங்குதே! ஒம்பது வந்து உக்காந்தாலும் இந்தக் கணக்குக்குத் தெரியாது, எந்திரிச்சுப் போனாலும் தெரியாது. மத்த எந்த இலக்கம் அழிஞ்சிருந்தாலும் கண்டுபிடிச்சிருப்பேன். உங்குளுக்குன்னு பாத்து ஒம்பதும் சைபரும் மாட்டுது.”

“அப்ப பதினொண்ணு போட்டுப் பாருங்க” என்றாள்.

“என்னது?”

“முதலாவது, மூணாவது, அஞ்சாவது, ஏழாவது இலக்கத்தை ஒரு பக்கம் கூட்டுங்க. ரெண்டாவது, நாலாவது, ஆறாவதை மறுபக்கம் கூட்டுங்க. ரெண்டும் சமன்னா பதினொண்ணுக்கு அடங்கும். என் நம்பர் சமன்.”

அவர் கூட்டினார். மூன்றும் இரண்டும் ஒன்பதும் நாலும் பதினெட்டு. ஏழும் ஆறும் ஐந்தும் பதினெட்டு. ஒன்பதை எடுத்துவிட்டுச் சைபர் போட்டால் ஒரு பக்கம் ஒன்பது, மறுபக்கம் பதினெட்டு. நம்பாமல் முழு நம்பரையும் பதினொன்றால் வகுத்தும் பார்த்தார். ஒன்பது போட்டால் மிச்சமில்லை. சைபர் போட்டால் இரண்டு மிஞ்சியது.

“சரிதானுங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். உங்க நம்பர் பதினொண்ணுக்கு அடங்குமுன்னு யாருங்க சொன்னது? நீங்கதானே? ஒம்பது வேணுமுன்னு நெனைச்சுட்டு, ஒம்பதுக்கு ஏத்த கணக்கை இன்னைக்கு ஜோடிச்சுச் சொன்னா, எனக்கு எப்பிடித் தெரியும்?”

அந்த இடத்தில்தான் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“இன்னைக்கு ஜோடிக்கலீங்க!” என்றேன். “வைகாசியில இருந்து அப்பிடித்தானுங்க வெக்கறா. மழைக்கு முன்னாடியே. ரெண்டு குமியும் ஒண்ணாத்தான் தீரும். ஒரு கொட்டை மிஞ்சினா மூஞ்சி வெளுத்துப்போயிரும்.”

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. அங்கம்மாவும் பார்த்தாள்.

“உங்குளுக்கு எப்பிடித் தெரியும்?” என்றார் ஆறுமுகசாமி.

“பலகையில ஓட்டை இருக்குதுங்க.”

“அன்னைக்குச் செய்வினைன்னீங்க?”

“அன்னைக்கு அப்பிடி நெனைச்சனுங்க. இன்னைக்குத்தானே தெரியுது, நம்பரை வெச்சு வெச்சுப் பாத்திருக்கறா.”

அவர் தாடையைச் சொறிந்தார். நான் அவளுக்கு வேண்டியவள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அதனால் என் சொல்லைத் தள்ளவும் முடியவில்லை. அங்கம்மாவுக்கு அதைப் பார்த்துத் தைரியம் வந்துவிட்டது. வந்திருக்கக் கூடாது.

“ஏழுக்கும் அடங்கும் ஐயா. ரெண்டுக்கும் அடங்கும். ஒம்பது, பதினொண்ணு, ஏழு, ரெண்டு எல்லாத்தாலயும் வகுத்துட்டா ரெண்டாயிரத்து அறுநூத்தி எண்பத்தொம்பது நிக்கும். அதை எதாலயும் பிளக்க ஏலாது.”

ஆறுமுகசாமி அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. வகுத்துக்கொண்டே போனார், அவள் சொன்ன எண்தான் வந்தது. அதை மூன்றால் வகுத்தார், பதின்மூன்றால் வகுத்தார், பதினேழால், பத்தொன்பதால், என்னென்னமோ. நாற்பத்தேழு வரைக்கும் போய்விட்டுப் பென்சிலைக் கீழே போட்டார். “கருங்கல்லுங்க” என்றார். எதாலும் பிளக்கவில்லை. அவர் முகத்தில் சந்தோஷம். ஆனால் அந்தச் சந்தோஷம் இறங்க இறங்கச் சந்தேகம் ஏறியது; நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“எங்கீங்க படிச்சீங்க?”

“படிக்கலைங்க. எங்கப்பா அங்க ஃபேக்டரியில தேயிலைப் பெட்டிக்கு இலக்கம் வெட்டின தகரம் வெச்சு நம்பர் அடிச்சாரு. நான் மை டப்பா தூக்குவேன். பத்து இலக்கமும் தகரத்துல பாத்ததுதான். பெட்டிக் கணக்குத் தப்பான்னு அவரு இப்பிடித்தான் கூட்டிப் பாப்பாரு.”

“அது பெட்டிக்குங்க. சொந்த நம்பரை யாராச்சும் இப்பிடிப் பிச்சுப் பிச்சுப் பாப்பாங்களா? எனக்கு என்ற ஊட்டு நம்பர் தெரியும். அது ஏழுக்கு அடங்குமான்னு தெரியாது. தெரியவும் வேண்டியதில்லை.”

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. மனுஷன் தன்னுடைய பொருளுக்கு ஒரு பூட்டுப் போடுவான். நாலு பூட்டுப் போட்டு வாராவாரம் இழுத்துப் பார்க்கிறவன், அது தன்னுடையதுதானா என்று பயப்படுகிறவன் அல்லவா?

நடுவட்டத்துக்குக் கடுதாசி போட்டால் பதில் வர ஒரு மாதம் ஆகும். லிஸ்ட் அடுத்த சனிக்கிழமை குன்னூர்ப் பெரிய ஆபீஸுக்குப் போகிறது. யாராவது நேரில் போய், அந்தச் சைபர் சுடலைமுத்துவின் அட்டையைப் பார்த்து, அங்கே தோட்ட ஆபீஸில் நம்பரை எழுதிச் சீல் வாங்கி வந்தால் போதும் என்றார் ஆறுமுகசாமி. அங்கம்மா போகக் கூடாது, அவளுக்கு வேண்டப்பட்டவர்களும் போகக் கூடாது.

“நான் போறனுங்க” என்றேன்.

“உங்குளுக்குப் படிக்கத் தெரியாதே?”

“ஒம்பதுக்கு வால் இருக்கும். சைபருக்கு வால் கிடையாது. அதுக்கு எதுக்குங்க படிப்பு?”

அங்கம்மாவுக்காகப் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சந்தேகம் அட்டைப்பூச்சிக் கடி மாதிரி. கடித்த இடத்தைச் சொறியாமல் இருக்க முடியாது.

வியாழக்கிழமை முதல் பஸ் பிடித்துப் பந்தலூர், கூடலூர் வழியாக நடுவட்டம் போய்ச் சேர்ந்தேன். கூடலூருக்கு மேல் ஏறும் வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி. இறங்கும்போது பனி; எதிரில் நிற்கிற டீக்கடை தெரியவில்லை, வாசனைதான் தெரிந்தது. விசாரித்து விசாரித்து அந்தச் சுடலைமுத்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் வேலைக்குப் போயிருந்தார். பெண்சாதி மூக்கம்மா இருந்தாள். குண்டான, சிரித்த முகம். விஷயத்தைச் சொன்னதும் கொடியில் தொங்கிய பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள்.

ஐந்தாவது இலக்கம். விரல் வைத்து எண்ணினேன். முட்டை. வால் இல்லை. திருப்பி எண்ணினேன். முட்டைதான்.

என் மனதில் ஒரு பாரம் இறங்கியது. அங்கம்மா பொய் சொல்லவில்லை. அப்படியே எழுந்து ஆபீஸுக்குப் போய்ச் சீல் வாங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றாள், உட்கார்ந்தேன்.

“அந்த இன்னொரு சுடலைமுத்துவைத் தெரியுமுங்களா?” என்று கேட்டேன்.

“தெரியாம? ஒரே கப்பல், முகாம்ல ஒரே வரிசை. எங்க கடுதாசி அவங்களுக்குப் போகும், அவங்க கடுதாசி எங்களுக்கு வரும். பாவம், புருசன் பெண்சாதி ரெண்டு பேரும் ஒரே வாரத்துல காய்ச்சல்ல போயிட்டாங்க. கிழவி ஒருத்திதான் மிச்சம்.”

டம்ளரைக் கீழே வைத்தேன். “ரெண்டு பேருமா? மருமவ அங்கம்மா இருக்கறாளே?”

“அங்கம்மாதான் செத்தா. குட்டையா இருப்பா, ரெண்டு மூக்கும் குத்தியிருப்பா. நான்தான் அவளுக்குச் சீலை கட்டிவிட்டேன், எனக்குத் தெரியாதா?”

எங்கள் அங்கம்மா நெட்டை. மூக்கில் ஒரு துளைகூடக் கிடையாது.

“அப்ப கிழவிய யாரு பாத்துக்கிட்டாங்க?”

“தோணியில வந்தவ ஒருத்தி இருந்தா. கார்டும் இல்ல, நம்பரும் இல்ல. சிலோன்காரன் அவளை இந்தியாக்காரின்னான், இங்க உள்ளவன் சிலோன்காரின்னான். முகாம் வாசல்ல தண்ணி சுமந்தா. அங்கம்மா படுக்கையில கிடந்தப்ப அவதான் கூட இருந்தா.” மூக்கம்மா என்னைப் பார்த்தாள். சிரிப்பு நின்றிருந்தது. “நீங்க எதுக்கு இதெல்லாம் கேக்குறீங்க?”

“சும்மாதானுங்க” என்றேன்.

சீல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வரும்போது வாந்தி வரவில்லை. மூக்கம்மா சொன்ன அந்தத் தண்ணி சுமந்தவளையே நினைத்துக்கொண்டு வந்தேன். கூடவே இருந்தவள். படுக்கையில் கிடந்தவளுக்குக் கஞ்சி கொடுத்ததும் அவளாகத்தான் இருக்கும். அந்தக் கஞ்சியில் என்ன இருந்தது என்று யார் கண்டார்கள்? நம்பருக்காக ஒருத்தி எதுவரைக்கும் போவாள்?

வெள்ளிக்கிழமை மத்தியானம், அங்கம்மா கொழுந்து பறிக்கப் போயிருந்தபோது, எட்டாம் காம்பராவுக்குள் போனேன். கிழவி அடுப்போரம் உட்கார்ந்திருந்தாள்.

“யாரு, ஏழாம் காம்பராவா? காலடி கேட்டா தெரியும். நடுவட்டம் போயிட்டு வந்தியா?”

“போனேன். மூக்கம்மாவைப் பாத்தேன்.”

கிழவி அடுப்பில் கையைச் சூடு காட்டிக்கொண்டே இருந்தாள். “அவ வாய் சும்மா இருக்காதே.”

“செத்தது உங்க மருமவ. இவ யாரு?”

“என் மருமவ.”

“ஏனுங்க ஆத்தா, கண்ணுதான் தெரியாது, கணக்குமா தெரியாது?”

“கணக்கு எனக்கு நல்லாத் தெரியும்ளா. மவன் போயிட்டான், மருமவ போயிட்டா. கண்ணு தெரியாத கிழவிக்கு எவன் வேலை குடுப்பான், எவன் வீடு குடுப்பான்? முகாம் ஆபீசர் வந்து செத்தது யாருன்னு கேட்டான். நம்பர் இல்லாத தண்ணிக்காரின்னு நான்தான் சொன்னேன். அவ சொல்லல, நான் சொன்னேன். தண்ணிக்காரி செத்துட்டா. அங்கம்மா இருக்கா. கணக்குச் சரியாப் போச்சு.”

“உங்க மருமவ எப்பிடிச் செத்தா?”

“காய்ச்சல்ல.”

“அதுதானா?”

இந்த இடத்தில் கிழவி முகத்தை என் பக்கம் திருப்பினாள். அந்த வெள்ளைக் கண்கள் என்னைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் எனக்குக் குளிர்ந்தது.

“சாகப்போற அன்னைக்கு அவ இவ கையைப் பிடிச்சுக்கிட்டு, ஏழு இலக்கமும் மூணு தடவை சொன்னா. கார்டு தொலைஞ்சாலும் இது தொலையக் கூடாது, என் மாமியார் தெருவுல நிக்கக் கூடாதுன்னு சொன்னா. அதனாலதான் இவ அதைக் கொட்டை வெச்சு வெச்சுக் காபந்து பண்ணுதா. ஒண்ணு மறந்தா ரெண்டு பேரும் செத்த மாதிரி.”

“நீங்க சொல்றதை நான் நம்பணுமாக்கும்?”

“நம்பாதே. நம்பச் சொன்னேனா? நாளைக்குக் கைநாட்டு வையின்னுதான் சொல்லுதேன்.”

கிழவிக்கு அது எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏனென்றால் கைநாட்டு விஷயத்தை ஆறுமுகசாமி மறுநாள்தான் சொன்னார்.

சனிக்கிழமை காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் ஆபீஸில் கூப்பிட்டார்கள். சீல் வைத்த தாளைக் கொடுத்தேன். ஆறுமுகசாமி படித்துவிட்டு, “முட்டைதானுங்களா?” என்றார்.

“முட்டைதானுங்க. ரெண்டு தடவை எண்ணினேன்.”

“அப்ப இது ஒம்பது. சமாசாரம் முடிஞ்சது.” அட்டையில் நீலக் கறைக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் ஒன்பது எழுதினார். வாலோடு. எழுதிவிட்டு அந்த ஏழு இலக்கத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார், ஆசையாக. “நல்ல நம்பருங்க. இந்த மாதிரி அமையாது.” பிறகு ஒரு ஃபாரத்தை என் பக்கம் தள்ளினார். “படம் கரைஞ்சு போனதால ஒரு சாட்சி வேணுங்க. இந்தம்மா சுடலைமுத்து சம்சாரம் அங்கம்மாதான்னு தெரிஞ்ச ஒருத்தர் கைநாட்டு. நீங்கதான் பக்கத்து ஊடு.”

மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். அங்கம்மா மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். மழைத்தண்ணீர் அவள் போர்த்தியிருந்த படங்குச் சாக்கிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நான் நடுவட்டத்தில் என்ன கேட்டேன் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் ஏதோ கேட்டிருக்கிறேன் என்பது தெரிந்திருந்தது.

நான் யோசித்தேன். நம்பர் சரி. ஒன்பதுக்குச் சரி, பதினொன்றுக்குச் சரி, ஏழுக்குச் சரி. அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் நம்பர் சரியென்றால் ஆள் சரியாகிவிடுமா? ஆகாது. அது எனக்குத் தெரியும், ஆறுமுகசாமிக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். கிழவி தெருவுக்கு வருவாள். இவள் மறுபடியும் நம்பர் இல்லாதவள். எமர்ஜென்சிக் காலத்தில் அப்படிப்பட்டவளை எங்கே அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. அந்தக் கஞ்சி நினைப்பும் போகவில்லை. கொன்றிருப்பாளோ? கொன்றவள் கண் தெரியாத கிழவியை ஏன் சுமந்து வர வேண்டும்? அட்டைக்காகச் சுமந்திருப்பாளோ? இப்படியே ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். என் குவியல்கள் ஒன்றாகத் தீரவில்லை.

“ஏனுங்கம்மா, மூஞ்சி சரியில்லீங்களே? இந்தம்மா அவிங்கதானே?” என்றார் ஆறுமுகசாமி.

“பஸ்ஸுல வாந்தி எடுத்தனுங்க, இன்னும் தலை சுத்துது” என்று சொல்லிவிட்டுக் கட்டைவிரலை மையில் அழுத்தி ஃபாரத்தில் வைத்தேன்.

திரும்பி வரும் வழியில் அங்கம்மா என் பின்னாலேயே வந்தாள்.

“அக்கா, மூக்கம்மா என்ன சொன்னா?”

“முட்டைன்னு சொன்னா.”

“வேற?”

“டீ குடிக்கச் சொன்னா.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்லை புள்ளே, நட.”

அவள் நடக்கவில்லை. நின்று என்னைப் பார்த்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன், தப்பில்லையே? சொல்லவில்லை. அன்று சாயங்காலமே ஒரு பால்பவுடர் டின்னை வெட்டித் தட்டையாக்கி, பலகை ஓட்டையின் மேல் வைத்து நாலு ஆணி அடித்துவிட்டாள். ஒவ்வோர் அடியும் என் தலையில் விழுகிற மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் இருபத்தெட்டு வருஷம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தோம். என் மகளுக்குப் பேறுகாலம் என்றால் அவள்தான் முதலில் வருவாள். என் வீட்டுக்காரர் செத்தபோது மூன்று நாள் என் வீட்டு அடுப்பு எரிந்தது அவளால்தான். ஆனால் கிழவியை ஒருநாளும் என்னிடம் தனியாக விட்டுப் போனதில்லை. வேலைக்குப் போகும்போது வேறு காம்பராப் பெண்ணைக் காவல் வைத்துவிட்டுப் போவாள். நான் ஆபீஸ் பக்கம் போனால், எதற்குப் போனேன் என்று யாரையாவது விட்டு விசாரிப்பாள். ஆறுமுகசாமியோடு நான் நின்று பேசினால் அன்றைக்கு அவள் வீட்டில் சோறு வேகாது. நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? அவள் கொடுக்கும் கஞ்சியை நான் ஒருநாளும் முதலில் குடித்ததில்லை. அவள் ஒரு வாய் குடித்த பிறகுதான் குடிப்பேன். அதை அவளும் கவனித்திருந்தாள். எப்போதும் முதலில் தானே குடித்துவிட்டுத்தான் கொடுப்பாள்.

கிழவி எண்பது தாண்டி, உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தாள். அங்கம்மா ரிட்டையர் ஆனபோது ஆபீஸில் மாலை போட்டார்கள். அவளுடைய சொந்தப் பெயர் என்ன என்று நான் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். “அங்கம்மா” என்பாள், கண்ணிமைக்காமல்.

கடைசியில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான்தான் கூட இருந்தேன். அவளுக்கு வேறு யார்? ஒருநாள் காலையில், நர்ஸ் மருந்து கொடுத்துவிட்டுப் போனதும், என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். பிடியில் பலமே இல்லை.

“அக்கா, யாருகிட்டயும் சொல்லலியே?”

“சொல்லலை.”

“உன் வீட்டுக்காரர்கிட்ட?”

“அவருகிட்டயும் சொல்லலை.”

அவள் என் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“சொல்லியிருப்பே” என்றாள்.

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. நான் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொல்கிறேன்.